புது காரில் கோளாறு: ஷோரூமோடு மல்லுக்கட்டுவதா, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதா?

புது கார் கோளாறு என்று தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை எந்த டீக்கடையில் சொன்னாலும் இரண்டு யோசனைதான் கிடைக்கும். ஒன்று, "நாலு பேரைக் கூட்டிக்கினு போய் ஷோரூம் வாசல்ல வண்டியைக் குறுக்கால நிறுத்து." இன்னொன்று, "கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் போடு, புது வண்டியே தந்துடுவான்." முதலாவதால் மேனேஜர் வெளியே வந்து உட்காரவைத்து காபி கொடுப்பார், காரின் கோளாறு அப்படியே இருக்கும். இரண்டாவது பாதி உண்மை. வழக்கு போடலாம், சில சமயம் போட்டே ஆக வேண்டும். ஆனால் முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்லும் உத்தரவு சுலபத்தில் வராது. யாருக்கு எந்த வழி, எந்தக் கட்டத்தில் என்று பிரித்துப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரர் யாராவது 'லெமன் லா' பற்றிச் சொல்லியிருப்பார். 1982-இல் கனெடிகட் மாநிலம் தொடங்கிவைத்தது, பிறகு மற்ற மாநிலங்களும் கொண்டுவந்தன. குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரே கோளாறை இத்தனை முறை பார்த்தும் சரியாகவில்லை என்றால் வேறு வண்டி கொடு, இல்லை பணத்தைக் கொடு என்பதுதான் அதன் சாரம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் கோளாறு கொடுக்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. நம் ஊரில் கார்களுக்கென்று அப்படித் தனிச்சட்டம் கிடையாது. மிக்ஸிக்கும் பிரிட்ஜுக்கும் உள்ள அதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் காருக்கும். தயாரிப்பிலேயே குறை என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழுகிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு ஏற்றுமதிக்காக டிரெய்லரில் அடுக்கிப் போகும் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவதுண்டு. அதே தொழிற்சாலை, அதே போல்ட்டு. சில நாடுகளில் இறங்கியதும் வாங்குகிறவருக்குக் கூடுதல் பலம் வந்துவிடுகிறது.

ஆகவே எந்த வழியில் போனாலும் கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றுதான்: தாள் இருக்கிறதா?

எங்கள் பக்கத்தில் ஒரு தம்பி, வாங்கி சில மாதமே ஆன காரை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனார். முதல் கியரில் கிளப்பும்போது வண்டி உதறுகிறது என்பது புகார். அட்வைசர் டேப்லெட்டில் தட்டிக்கொண்டே, "ஜெனரல் செக்கப்னு போட்டுக்கறேன் சார், எல்லாத்தையும் பார்த்துடுவாங்க" என்றார். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது புகாரைப் பதியும் தாள்) 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் இருந்தால், பின்னாளில் கம்பெனி வக்கீல் அதே தாளை நீட்டி, "இந்தத் தேதியில் உதறல் என்ற புகாரே பதிவாகவில்லை" என்பார். தம்பி விடவில்லை. "நான் சொன்னதை அப்படியே போடுங்க சார். முதல் கியர், ஏசி ஓடுது, பாலம் ஏறும்போது உதறுது." அட்வைசர் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் எழுதினார். மாலையில் வண்டியைக் கொடுக்கும்போது, "சோதித்தோம், குறை எதுவும் காணப்படவில்லை" என்று ஒரு வரி. கையெழுத்து போடுவதற்கு முன் அதன் கீழேயே பேனாவால் "உதறல் தொடர்கிறது, டிரையலில் அட்வைசரும் உடன் வந்தார்" என்று எழுதி, தேதி போட்டு, மொபைலில் படம் எடுத்துக்கொண்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பிற்பாடு ஆயிரக்கணக்கில் பீஸ் கொடுத்து வைக்கும் வக்கீலும் இந்த ஒரு வரியைத்தான் தேடுவார்.

நம் பகுதிக்கென்று சர்வீஸ் சென்டர்களில் சில பதில்கள் தயாராகவே இருக்கும். கிளட்ச் போய்விட்டதா? "எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி பின்னாடி ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டியிருப்பீங்க சார், அது தேயற பார்ட்டு, வாரன்டி வராது." எலெக்ட்ரிக்கல் தகராறா? "தண்ணில போயிருக்கும், கணேசபுரம் சப்வே பக்கமா?" துருவா? "கடற்காத்து." இவற்றில் சில நேரம் உண்மையும் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வட சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகள் கொஞ்சநஞ்சமா? அதனால்தான் வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் கேட்க வேண்டும். எந்த பாகத்தில் நீர்த்தடம், எதை வைத்துச் சொல்கிறீர்கள், படம் கொடுங்கள் என்று ஒரு மெயில். ஆதாரம் இருந்தால் தருவார்கள். இல்லாவிட்டால் அந்த மெயிலுக்குப் பதில் வராததே உங்களுக்கு உதவும்.

சரி, இனி வழிகள்.

முதல் வழி: கம்பெனிக்கே எழுதுவது, 1915

ஷோரூம் வேறு, கார் தயாரிக்கும் கம்பெனி வேறு. பெரும்பாலான ஷோரூம்கள் கம்பெனியிடமிருந்து வண்டியை விலைக்கு வாங்கி விற்கும் தனி வியாபாரிகள். ஆகவே ஷோரூம் மேனேஜரோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பது அரைகுறை வேலை. கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு, சேஸிஸ் எண், வாங்கிய தேதி, ஜாப் கார்டு எண்கள், கோளாறு எப்போது எப்படி வருகிறது என்ற விவரத்தோடு மெயில் போட்டால், பிராந்திய சர்வீஸ் என்ஜினியர் ஒருவர் வந்து பார்க்க வாய்ப்பு உண்டு. சாஃப்ட்வேர் அப்டேட், சென்சார், கிளட்ச் செட் மாற்றம் போன்றவை இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். செலவு இல்லை.

மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து, எண் கொடுத்து, கம்பெனிக்கு அனுப்பி, பதில் கேட்பார்கள். இவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. "1915-ல சொல்லியாச்சு, கேஸ் போட்ட மாதிரிதான்" என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. வழக்குக்கான இரண்டு வருடக் கெடு இந்தப் புகாரால் நிற்காது, அது ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனாலும் கீழ்மட்டத்தில் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும் கோப்பு, 1915 எண் ஏறியதும் மேலே ஒருவர் மேசைக்கு நகரும். எந்த வழியில் போவதானாலும் இதைச் செய்துவிட்டுப் போகலாம், நஷ்டம் இல்லை.

இரண்டாவது: நோட்டீஸ், சமரசம், அல்லது வண்டியைத் தள்ளிவிடுதல்

வக்கீல் நோட்டீஸ் போனதும் சில கம்பெனிகள் இறங்கி வரும். கூடுதல் வாரன்டி, இலவச பாகங்கள், ஒரு தொகை, அல்லது "எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம் சார், நல்ல ரேட் தர்றோம்." இதில் கடைசியில் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. 8 லட்ச ரூபாய் கார் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு லைஃப் டாக்ஸ் (ஒரே முறை கட்டும் சாலை வரி) 13 சதவீதம், அதாவது 1,04,000 ரூபாய். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் அந்தப் பணம் போனது போனதுதான். இன்சூரன்ஸிலும் பெரும்பகுதி போகும். அடுத்து வாங்கும் வண்டிக்குத் திரும்ப லைஃப் டாக்ஸ். அதற்கு மேல் பழைய வண்டி என்று விலைக்குறைப்பு. ஆகவே 'நல்ல ரேட்' என்பதை ஷோரூம் விலையோடு அல்ல, நீங்கள் கட்டிய மொத்த ஆன்ரோடு தொகையோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் சிலருக்கு இதுதான் சரியான வழி. கோளாறு தொல்லைதான், ஆபத்தில்லை. வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய நேரமில்லை. கொடுப்பதும் சுமாரான தொகை என்றால் வாங்கிக்கொண்டு நகரலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஒரே நிபந்தனை, "எல்லாப் பாக்கியும் தீர்ந்தது" என்று எழுதிய வவுச்சரில் பணம் வருவதற்கு முன் கையெழுத்து போடாதீர்கள். கூடுதல் வாரன்டி என்றால் அது கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் வேண்டும். மேனேஜர் வாட்ஸ்அப்பில் சொன்னதெல்லாம் அவர் வேலை மாறிப் போனதும் போய்விடும்.

மூன்றாவது: மாவட்ட நுகர்வோர் ஆணையம்

குடும்பத்துக்கென்று கார் வாங்கிய பெரும்பாலோருக்கு, முதல் இரண்டும் பலிக்காவிட்டால் போக வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. காரணங்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியவை.

முதலில் இடம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கிற ஊரிலோ, பிரச்சினை எழுந்த ஊரிலோதான் போட முடியும். 2019 சட்டத்தில் நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே போடலாம். கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, வாரன்டி புத்தகத்தில் "அந்த ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம்" என்று அச்சடித்திருந்தாலும் சரி. வட சென்னைக்காரர்களான நமக்குச் சென்னை (வடக்கு) மாவட்ட ஆணையம், பார்க் டவுன் வ.உ.சி. நகரில். மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் இருப்பவர்கள் நம்மோடு சேர்த்தே பேசப்பட்டாலும் திருவள்ளூர் மாவட்டக்காரர்கள், அவர்களுக்குத் திருவள்ளூர் ஆணையம். ஆனால் வேலை சென்னையில் என்றால் அந்த வழியையும் பார்க்கலாம்.

பிறகு கட்டணம். மாவட்ட ஆணையம் எடுத்துக்கொள்வது, பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை. கார் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அவ்வளவுதான். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். 2025 ஜனவரியிலிருந்து 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். வக்கீல் வேண்டும், பணம் இல்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. கார் அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் இதை மறக்காதீர்கள்.

கெடு இரண்டு வருடம். கோளாறு எப்போது தொடங்கியது என்பதிலிருந்து கணக்கு. "ஒவ்வொரு முறை ரிப்பேர் ஆகும்போதும் புதுசா கெடு ஆரம்பிக்கும்" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அதை நம்பிக் கடைசி மாதம் வரை இழுக்க வேண்டாம்.

சட்டத்தில் எழுதியிருக்கிற காலம் மூன்று மாதம், சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம். நடைமுறை வேறு. எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், அதற்கு மேல் 15 நாள்தான் நீட்டிக்கலாம் என்பது வரை கறாராக இருக்கும். அதற்குப் பிறகு நிபுணர் அறிக்கை, பிரமாணப் பத்திரம், வாதம் என்று இழுக்கும். மேல்முறையீடும் உண்டு. ஆனால் கம்பெனி மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக வேண்டுமானால் 45 நாளுக்குள், உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த ஒரு விதி சமரசப் பேச்சைச் சீக்கிரம் தொடங்கிவைக்கும். உத்தரவை மதிக்காமல் இருந்தால் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனி முக்கியமானது, என்ன கிடைக்கும்? இங்கேதான் டீக்கடை யோசனைக்கும் தீர்ப்புகளுக்கும் தூரம். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா என்ற வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், கிளட்ச் கோளாறுக்காக முழுக் காரையும் மாற்றச் சொன்னதை ஏற்கவில்லை. வாரன்டி நிபந்தனை பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்றுதானே இருக்கிறது, அதற்கு மேல் எப்படி என்றது. அலைச்சலுக்கு இழப்பீடு மட்டும் தந்தது. இன்றைக்கும் கம்பெனி தரப்பு வக்கீல்கள் பையைத் திறந்ததும் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

மறுபக்கமும் தீர்ப்புகள் உண்டு. அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை எனக்குப் பிடித்தமானது. வண்டியைச் சரிசெய்து கொடுங்கள், சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் பார்க்கட்டும், தயாரிப்புக் குறை இருப்பதாக அவர் சொன்னால் விலை, லைஃப் டாக்ஸ், வட்டி எல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள் என்றது. லைஃப் டாக்ஸையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. மனுவில் பலர் ஷோரூம் விலையை மட்டும் எழுதி, லட்ச ரூபாயை அவர்களாகவே விட்டுவிடுகிறார்கள்.

பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் நிலைமை இன்னும் சாதகம். 2015-இல் வாங்கிய காரில் 2017-இல் நடந்த விபத்தில் ஏர்பேக் விரியவில்லை. ஹூண்டாய் எதிர் சைலேந்திர பட்நாகர் என்ற அந்த வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், வண்டியை மாற்றித் தரவும் இழப்பீடு தரவும் சொன்ன உத்தரவை உறுதிசெய்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க வாங்குகிறவர் இயற்பியல் நிபுணர் இல்லை என்றும் சொன்னது. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், தீப்பிடித்தல் என்று உயிரோடு விளையாடும் கோளாறுகளில் சமரசத்துக்கு ரொம்ப நேரம் கொடுக்காமல் நேரே ஆணையத்துக்குப் போகலாம் என்பேன். அப்படிப்பட்ட கோளாறால் உடம்புக்கோ வேறு சொத்துக்கோ கேடு வந்திருந்தால், 2019 சட்டத்தின் 'பொருள் பொறுப்பு' அத்தியாயத்திலும் இழப்பீடு கேட்கலாம். வண்டி மட்டும் பழுது என்றால் அந்த அத்தியாயம் பொருந்தாது, சாதாரண 'குறைபாடு' புகார்தான்.

நிபுணர் அறிக்கை இல்லாமல் தோற்ற வழக்குகள் ஏராளம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத கோளாறு என்றால், தகுந்த ஆய்வுக்கூடத்தில் சோதிக்க அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது. அதை நீங்கள்தான் மனு போட்டுக் கேட்க வேண்டும், கட்டணத்தையும் நீங்கள் முன்கூட்டிக் கட்ட வேண்டியிருக்கும். தெரு முனை மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள் எத்தனை நேர்மையானதாக இருந்தாலும் அங்கே எடை போகாது. மெக்கானிக் அண்ணன் சொன்னதைக் கேட்டு எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சோதனை ஆணையம் வழியாக நடக்கட்டும்.

மனுவில் ஷோரூம், கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். 2021-இல் டாடா மோட்டார்ஸ் எதிர் அன்டோனியோ பாலோ வாஸ் வழக்கில், பழைய மாடல் காரைப் புதிது என்று டீலர் தள்ளிவிட்ட தவறுக்கு, அதில் பங்கு இருந்ததாகக் காட்டாமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. விற்பனையில் நடந்த ஏமாற்று டீலர் மேல், தயாரிப்புக் குறை கம்பெனி மேல் என்று தனித்தனியாக, யார் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். "இருவரும் கூட்டாக" என்று ஒரே வரியில் முடித்தால் இருவருமே ஒருவரை ஒருவர் காட்டுவார்கள்.

கோரிக்கையையும் படிப்படியாக வையுங்கள். முதலில் வண்டி மாற்றம் அல்லது முழுப் பணம் வட்டியோடு. அது இல்லையென்றால் இன்ன பாகத்தைப் புதிதாக மாற்றி, வாரன்டியை நீட்டித்து, இத்தனை ரூபாய் இழப்பீடு என்று. 'புது வண்டி அல்லது ஒன்றுமில்லை' என்று நின்றால் ஒன்றுமில்லை என்பதும் கிடைக்கலாம்.

ஓட்டமானியும் ஒரு சாட்சி. வழக்கு நடக்கும்போதே வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தால், "குறையுள்ள வண்டியா இவ்வளவு ஓடியது?" என்ற கேள்வி வரும். வேறு வழியில்லாமல் ஓட்டுகிறவர்கள் அதையும் மனுவிலேயே சொல்லிவிடுவது நல்லது.

டாக்சி ஓட்டுகிறவர்கள் கதை

வட சென்னையில் கடனில் கார் வாங்கி, தானே ஓட்டிப் பிழைக்கிற கால் டாக்சி டிரைவர்கள் நிறைய. "மஞ்சள் போர்டு வண்டி, வியாபாரம், கன்ஸ்யூமர் கிடையாது" என்று ஷோரூமில் அடித்துச் சொல்வார்கள். தவறு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர்தான் ஆணையத்துக்குப் போக முடியாது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விளக்கம் வைத்திருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட 1995 வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: தானே ஓட்டினால் நுகர்வோர், வேறு ஆளை வைத்து ஓட்டச் சொன்னால் இல்லை. ஆகவே டிரைவர் லைசன்ஸ், பேட்ஜ், டிரிப் வருமானம் வருகிற கணக்கு எல்லாம் உங்கள் பெயரில் இருப்பதைக் காட்டுங்கள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களின் வருமான இழப்பையும் கேட்கலாம், முந்தைய மாதக் கணக்கு கையில் இருந்தால்.

இதே போல, கம்பெனி பெயரில் வாங்கி முதலாளியின் சொந்த உபயோகத்துக்கு ஓடுகிற கார் 'வணிக நோக்கம்' ஆகிவிடாது என்று 2024 ஜூலையில் டெய்ம்லர் கிரைஸ்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மிச்சம் இருப்பது ஐந்தாறு வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிற டிராவல்ஸ்காரர்கள். அவர்களுக்குச் சிவில் நீதிமன்றம்தான்.

சிவில் வழக்கு

1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, விற்ற பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இல்லை என்று நஷ்டஈடு கேட்பது. பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிட்டி சிவில் கோர்ட். கெடு மூன்று வருடம் என்பது ஒரு வசதி. இரண்டு வருடத்தைத் தவறவிட்டவர்களுக்கும் அதனால் இது ஒரு கதவு. நிபுணரைக் கூண்டில் ஏற்றி முழுமையாகக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஆனால் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாய். 2017-க்கு முன் 7.5 சதவீதமாக இருந்ததை நினைத்தால் பரவாயில்லை, 200 ரூபாயோடு ஒப்பிட்டால் மலைப்புதான். நடைமுறையில் வக்கீல் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். குடும்பக் கார் வைத்திருப்பவர் ஆணையத்தை விட்டுவிட்டு இங்கே வர எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பில்லின் பின்பக்கம், தகராறு வந்தால் 'மத்தியஸ்தருக்கு (ஆர்பிட்ரேஷன்) மட்டுமே' என்று அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். அந்த நிபந்தனை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது.

போலீஸ்

நம் ஆட்களுக்கு இதில் ஒரு ஆசை. ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டால் ஷோரூம்காரன் நடுங்குவான் என்று. பெரும்பாலும் இன்ஸ்பெக்டர், "இது சிவில் மேட்டர்பா" என்று அனுப்பிவிடுவார், அதில் அவர் சொல்வது சரியே. பழுதான வண்டி என்பது மட்டும் மோசடி ஆகாது. ஓடிய வண்டியை, அடிபட்டு ஒட்டுப்போட்டதை, வெள்ளத்தில் நின்றதைத் தெரிந்தே புதிது என்று விற்றிருந்தால் கதை வேறு. அப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் (புது தண்டனைச் சட்டம்) 318-ஆவது மோசடிப் பிரிவு பேசலாம். சேஸிஸ் எண்ணை இன்வாய்ஸ், ஃபார்ம் 22 (கம்பெனி கொடுக்கும் சாலைத் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் மூன்றிலும் ஒப்பிட்டு, தயாரித்த மாதத்தைப் பாருங்கள். அதில் பொருத்தமில்லை என்றால்தான் ஸ்டேஷன் பக்கம் போக வேண்டும்.

கிரிமினல் வழி வேகம் என்று நினைப்பவர்கள் ஐதராபாத் பி.எம்.டபிள்யூ வழக்கைப் பார்க்கலாம். 2009-இல் வாங்கிய கார், மோசடி என்று எப்.ஐ.ஆர். புது வண்டி கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு வழக்கை ரத்து செய்தது. வாங்கியவர் வண்டி வேண்டாம் என்றார். உச்ச நீதிமன்றம் 50 லட்சம் கொடுத்து விஷயத்தை முடிக்கச் சொன்னபோது வருடம் 2024.

ரீகால்

குறையுள்ள மாடல் வண்டிகளைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்வதுதான் ரீகால். இது உங்கள் பணத்துக்கான வழி இல்லை, ஆனால் செய்ய வேண்டிய வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓட்டுநருக்கோ, பயணிக்கோ, சாலையில் போகிறவருக்கோ ஆபத்தான குறை பற்றி ஒரே மாடலுக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் புகார் வந்தால், அரசே வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லலாம். ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். அரசின் 'வாகன்' தளத்தில் புகார் போடலாம், செலவில்லை. உங்கள் மாடலுக்கு ஏற்கெனவே ரீகால் அறிவித்திருக்கிறார்களா என்று சேஸிஸ் எண்ணை வைத்துக் கம்பெனி தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அறிவிப்பு உங்கள் கோளாறைப் பற்றியதாகவே இருந்தால், ஆணையத்தில் பாதிச் சுமை இறங்கிவிடும். குறை தயாரிப்பில் இருந்தது என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

எந்த வழியைப் பிடித்தாலும் இ.எம்.ஐ.யை மட்டும் நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் காரின் கோளாறுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு தவணை தவறினால் சிபில் மதிப்பெண் கெட்டு, வண்டியைத் தூக்கிப் போக ஆளும் வந்துவிடுவார்கள்; அப்புறம் சோதனைக்கு அனுப்ப வண்டியே இருக்காது. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறியிருப்பதால், முழுப் பணம் திரும்ப வருகிற உத்தரவு என்றால் கடன் பாக்கி முதலில் வங்கிக்குப் போகும். அதையும் கணக்கில் வைத்து, கட்டிய வட்டியையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்துக் கேளுங்கள். கடன் கணக்கின் ஸ்டேட்மென்டை வங்கிக் கிளையில் முத்திரையோடு வாங்கி இணைத்துவிடுங்கள்.